கருந்துளைகளின் இளமைக்காலம்

அண்மைக்காலத்தில் எம்மிடையே ஒரு பழக்கம் பரவிவருகின்றது. விஞ்ஞானிகள் புதிதாக ஒன்றைக் கண்டனர் என்ற செய்தி வெளிவந்த மறுநாளே, 'இஃது எமது முன்னோர் அன்றே அறிந்தது' என்று கூறுவோர் மேடையேறிவிடுகின்றனர். பழைய பாடலொன்றின் அடி, அதற்கு வலிந்து கொண்ட ஒரு பொருள், அதன்மேல் ஒரு பெருமிதம். இவ்வளவில் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. கருந்துளைகளுக்கும் இக்கதி நேர்ந்துள்ளது. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் பழைய நூல்களிடத்து எவர்க்கும் குறையாத அன்பு உடையோமே. அவ்வன்பே இக்கூற்றை ஏற்காதவாறு எம்மைத் தடுக்கின்றது. ஏனெனில், ஒன்றை அறிதல் என்பது யாது என்ற வினாவை எமது தருக்க நூலார் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துள்ளனர். காட்சி, கருதல், உரை என அவர்கள் அறியும் வழிகளை வகுத்தனர். அவ்வழிகளுக்கு 'அளவை' என்று பெயருமிட்டனர். அறிதலையும் அளத்தலையும் ஒரே சொல்லாற் குறித்த அம்மரபுக்கு, அளவாத அறிவைப் பெருமையாகப் பேசுவது இழுக்கேயன்றிப் புகழன்று.

இவ்வெண்ணத்தை உரைகல்லாகக் கொண்டு, இன்றைய வானியலின் பெரும் புதிர்களுள் ஒன்று எவ்வாறு எழுந்தது என்பதை நோக்குவோம். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு எனக் கணிக்கப்படுகின்றது. அதன் முதல் 70 கோடி ஆண்டு நிரம்புமுன்னரே, நூறு கோடி சூரியன்களின் திணிவைத் தம்முள் ஒடுக்கிய கருந்துளைகள் இருந்தன என்பது இக்கால ஆய்வாளரின் முடிபு. எண்பது ஆண்டு வாழும் ஒருவர் தமது நான்காம் வயதிலேயே முழு வளர்ச்சி எய்திவிட்டதற்கு இஃது ஒப்பாகும். இத்துணை விரைவில் அவை வளர்ந்தது எப்படி? இவ்வினாவை எழுப்புவதற்கே மனிதருக்கு 240 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்நெடுவழியே எமது பொருள்.

1783ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் யோக்‌ஷயர்ப் பகுதியில் தோர்ண்ஹில் என்னும் ஊரிற் குருவாகப் பணிபுரிந்த ஜோன் மிச்செல் என்பவர் றோயல் சங்கத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஒளி துகள்களால் ஆனது எனின், ஏனைய பொருள்களைப்போல அதனையும் ஈர்ப்பு இழுத்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட தொடக்கம். சூரியனை ஒத்த அடர்த்தியும், சூரியனின் விட்டத்தைப்போல 500 மடங்கு விட்டமும் உடைய ஒரு விண்மீன் இருப்பின், அதிலிருந்து புறப்படும் ஒளி தப்பிச் செல்லமாட்டாது அதன்மீதே மீளும் என அவர் கணக்கிட்டுக் காட்டினார். அத்தகைய விண்மீன் எமது கண்ணுக்குத் தோன்றாது. எனினும் அதனைச் சுற்றிவரும் பிறிதொரு விண்மீனின் அசைவைக்கொண்டு அதன் இருப்பை ஊகிக்கலாம் என்றும் அவர் எழுதினார். இதனினும் கூரிய கருதலை நாம் காண்பது அரிது. ஆயினும் மிச்செல் கருந்துளையைக் கண்டுபிடித்தார் என எந்த வரலாற்றாசிரியரும் கூறுவதில்லை. அவரது கருதலைச் சோதிப்பதற்குரிய கருவி அக்காலத்தில் இல்லை. எனவே கட்டுரை நூலகத்தில் உறங்கிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

மிச்செலின் கட்டுரை வெளிவந்து இருபது ஆண்டு ஆகுமுன்னரே, அதே நாட்டில் வேறொரு கதவு திறந்தது. ஜேர்மனியின் ஹனோவரிலிருந்து இசைக்கலைஞராக வந்து வானியலாளராக உயர்ந்த வில்லியம் ஹேர்ஷெல், 1800ஆம் ஆண்டில் சூரிய ஒளியை அரியத்தினூடே செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியே மற்றவற்றிலும் கூடிய சூட்டைக் காட்டிற்று. கண் காணாத கதிரும் ஒளியின் இனமே என்பதற்கு இதுவே முதற்சான்று. செங்கீழ்க் கதிர் என இன்று நாம் கூறுவது அதனையே. காணமுடியாத விண்மீனைப்பற்றிய கருதலும், காணமுடியாத ஒளியைப்பற்றிய சோதனையும் ஒரே தலைமுறையில், ஒரே நாட்டில் தோன்றின. ஆயினும் அவை ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. இவ்விடைவெளியை நிரப்பியது எந்தத் தனிமனிதரின் மேதைமையும் அன்று. ஒளிப்படத் தகடு, பெருந்தொலைகாட்டி, வானொலி, குறைகடத்தி, கணிப்பொறி எனத் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் பல்லாயிரவரின் உழைப்பும் சேர்ந்து ஈட்டிய கருவிகளே அதனை நிரப்பின.

இருபதாம் நூற்றாண்டில் மிச்செலின் கருதல் புதிய வடிவில் மீண்டது. ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கையை அடியாகக் கொண்டு, 1916இல் கார்ல் ஷுவார்ஷில்ட், ஒரு திணிவைச் சுற்றியுள்ள ஈர்ப்பு எத்தன்மையது என்பதற்குக் கணித விடை கண்டார். 1930இல், பத்தொன்பது வயது நிரம்பிய சுப்பிரமணியன் சந்திரசேகர், மேற்படிப்புக்காக இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது, முதுமையுற்றுச் சுருங்கும் விண்மீனின் திணிவு ஓரெல்லையைக் கடப்பின் அஃது அந்நிலையில் நிலைத்திருக்க இயலாது என்பதைக் கணக்கிட்டறிந்தார். அவ்வெல்லை சூரியத் திணிவைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் தேதி, இலண்டனில் றோயல் வானியற் சங்கக் கூட்டத்தில் அவர் தமது முடிபை எடுத்துரைத்தார். அவரை அடுத்து எழுந்தவர் அக்காலத்தின் முதன்மை வானியலாளரான ஆதர் எடிங்டன். விண்மீன் முடிவின்றிச் சுருங்குவது நகைப்புக்கிடமான விளைவு, இயற்கை அதற்கு இடங்கொடாது என்பது அவர் வாதம். அவையும் அவரோடு சேர்ந்து நகைத்தது. காட்சியும் இல்லை, கணக்கிற் பிழை காட்டியதும் இல்லை. பெரியவர் சொன்னார் என்ற ஒன்றே போதுமாயிருந்தது. கருதலை உரை அடக்கிய நாள் அது.

ஆனால் வரலாறு இவ்விருவரையும் வேறொரு வகையிற் பிணைத்து வைத்தது. விண்மீனின் உள்ளமைப்பை ஆராய்ந்த எடிங்டன், ஒளிக்கும் அமுக்கம் உண்டு என்பதையும், ஒரு பொருள் அளவுக்குமேற் பிரகாசித்தால் அதன் ஒளியே சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளிவிடும் என்பதையும் விளக்கியிருந்தார். இவ்வெல்லை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கருந்துளை எவ்வளவு விரைவாக வளரலாம் என்பதை அளக்கும் அடிப்படை அளவுகோல் அதுவே. கருந்துளைக்கு வழிவகுத்த கணக்கை நகைத்தொதுக்கியவரே, அதன் வளர்ச்சியை அளக்கும் கோலையும் தந்துசென்றார். ஒருவர் ஒன்றிற் பிழைவிட்டார் என்பதால் அவரது உழைப்பு முழுவதையும் ஒதுக்குதல் தகாது என்பதற்கு இது நல்ல சான்று. சந்திரசேகர் தமிழர் என்பதனாற் கருந்துளையே தமிழருடையது எனக் கூறுவாரும் உளர். அவரது கணக்கு நின்றது அவரது குலத்தினால் அன்று. அதனை எவரும் எந்நாட்டிலும் மீண்டும் செய்து பார்க்க இயன்றமையினாலேயே அது நின்றது.

இனிக் காட்சியின் பக்கம் வருவோம். விண்ணிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்பது 1930களில் தெரியவந்தது. உலகப் போரின்போது றேடார்த் துறையிற் பயின்ற பொறியியலாளர் பலர், போர் முடிந்தபின் வானை நோக்கித் திரும்பினர். கேம்பிரிட்ஜிற் தொகுக்கப்பட்ட மூன்றாம் பட்டியலின் 273ஆம் பொருள் எதுவென அறிய, 1962ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைகாட்டி அதனை நோக்கிற்று. சந்திரன் அப்பொருளை மறைக்கும் கணத்தையும் மீண்டும் வெளிவிடும் கணத்தையும் குறித்து, சிறில் ஹஸார்ட் முதலியோர் அதன் இடத்தை நுட்பமாக வரையறுத்தனர். அவ்விடத்தில் இருந்தது சாதாரண விண்மீன்போலத் தோன்றிய ஒரு புள்ளி. கலிபோர்ணியாவின் பாலோமர் மலையிலிருந்த 200 அங்குலத் தொலைகாட்டியால் மார்ட்டென் ஷ்மிட் அதன் நிறமாலையைப் பதிந்தார். அக்கோடுகள் எத்தனிமத்துக்கும் பொருந்தாதவைபோலக் காணப்பட்டன. 1963 பெப்ரவரி மாதத்தில் அவர் உண்மையை உணர்ந்தார். அவை நாமறிந்த ஐதரசனின் கோடுகளே. ஆனால் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளமும் நீளும் என்பதைக் கொண்டு பார்ப்பின், அவ்வொளி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அவ்வளவு தொலைவிலிருந்தும் சிறு தொலைகாட்டிக்கே தென்படுமாயின், அதன் பிரகாசம் எத்துணைப் பெரிது!

இவ்விடத்தில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சேர்ந்துவந்த ஒளிப்படத் தகடுகளில் இப்புள்ளி ஏற்கெனவே பதிந்திருந்தது. எடுத்தவர்கள் அதனை யாதென அறியார். அத்தகடுகளை 1963இல் ஹார்லன் ஸ்மித்தும் டொறிட் ஹொஃப்லீற்றும் மீண்டும் நோக்கி, அதன் ஒளி கூடியும் குறைந்தும் வந்துள்ளதைக் காட்டினர். விரைவில் மாறும் ஒளி பெரும்பரப்பிலிருந்து வர இயலாது. ஆகவே ஒரு விண்மீன் திரள் முழுவதையும் விஞ்சும் ஒளி, மிகச் சிறிய இடத்திலிருந்து வருகின்றது என்பது புலனாயிற்று. இவ்வகைப் பொருள்களுக்குக் குவாசார் என்ற பெயர் 1964இல் ஏற்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் எட்வின் சால்பீற்றரும், சோவியத் நாட்டில் யாக்கோவ் ஸெல்டோவிச்சும், தனித்தனியே ஒரே விளக்கத்தை முன்வைத்தனர். பெருந்திணிவு கொண்டு ஒடுங்கிய ஒரு பொருளை நோக்கி வாயு விழும்போது வெளிப்படும் ஆற்றலே குவாசாரின் ஒளி என்பது அது. அரசுகள் ஒன்றையொன்று அணுகுண்டால் மிரட்டிய காலத்தில், இரு முகாம்களிலும் இருந்த அறிஞர் ஒரே இயற்கையை ஒரே வகையாற் கண்டனர். 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல், ஒளி அவிந்த குவாசார்கள் அருகிலுள்ள விண்மீன் திரள்களின் மையங்களிற் கருந்துளைகளாக எஞ்சியிருத்தல் வேண்டும் என்றார். எமது பால்வெளியின் மையம் தூசினால் மறைந்தது. அத்தூசையும் ஊடுருவும் செங்கீழ்க் கதிரைக்கொண்டு றைன்ஹார்ட் கென்ஸலும் அன்ட்றியா கெஸ்ஸும் தலைமைதாங்கிய குழுக்கள் அங்குள்ள விண்மீன்களின் அசைவைப் பல்லாண்டு பின்பற்றின. நாற்பது இலட்சம் சூரியன்களின் திணிவு அங்கு இருளாக இருப்பது நிறுவப்பட்டது; 2020இல் அவ்விருவரும் நொபெல் பரிசிற் பங்குபெற்றனர். மறைந்த விண்மீனை அதன் அயலவரின் அசைவால் அறியலாம் என்ற மிச்செலின் சொல் இவ்வாறு மெய்யாயிற்று.

எனினும் இவை வளர்ந்து முடிந்த கருந்துளைகள். அவற்றின் இளமையைக் காணவேண்டுமாயின் மிகத் தொலைவை நோக்குதல் வேண்டும். ஏனெனிற் தொலைவை நோக்குவது பழமையை நோக்குவதேயாகும். அங்கே ஒரு தடை உண்டு. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி மிக நீண்டுவிடுகின்றது. குவாசார் ஒன்றிலிருந்து ஐதரசன் வெளியிடும் வலிய கழியூதாக் கோட்டின் அலைநீளம் 0.12 மைக்கிரோன். அண்டத்தின் முதல் 80 கோடி ஆண்டுகளுக்குள் புறப்பட்டது எனின், அஃது எட்டு மடங்களவு நீண்டு ஒரு மைக்கிரோனை அணுகுகின்றது. எமது கண் 0.7 மைக்கிரோனுடன் நின்றுவிடும். சிலிக்கனாற் செய்த ஒளிப்பதிவுச் சில்லும் ஒரு மைக்கிரோனைச் சிறிது கடந்ததும் குருடாகிவிடும். அக்கோட்டினும் குறுகிய அலைநீளமுள்ள ஒளியையோ, இடைவெளியிலுள்ள ஐதரசன் விழுங்கிவிடுகின்றது. இதனை ஜேம்ஸ் கண்ணும் புறூஸ் பீற்றர்சனும் 1965இலேயே எதிர்கூறியிருந்தனர். ஆகவே ஆதிக் குவாசார்கள் கட்புலனாகும் ஒளியில் இல்லாதனவே. அவற்றைக் காண ஹேர்ஷெல் கண்ட இருட்கதிரே வழி.

அக்கதிரைக் காணும் கண் எவ்வாறு உருவாயிற்று என்பது எமது சிந்தனைக்குரியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பகைவரின் இயந்திரச் சூட்டை இருளிற் கண்டறியும்பொருட்டு ஈயமும் கந்தகமும் சேர்ந்த உணரிகள் வளர்க்கப்பட்டன. அவ்வகை உணரிகளைப் பயன்படுத்தி, ஜெறி நொய்கபவரும் றொபேட் லெய்ற்றனும் மவுண்ட் வில்சனிற் சிறு செலவில் அமைத்த தொலைகாட்டியால் வானைத் துருவி, 1969இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செங்கீழ் மூலங்களின் பட்டியலை வெளியிட்டனர். 1959இல் இங்கிலாந்தின் மோல்வேர்ணில், படைத்துறை றேடார் ஆய்வகத்தில், இரசம், கட்மியம், தெலூரியம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு குறைகடத்தி உருவாக்கப்பட்டது. ஏவுகணைக்கும் போர்விமானத்துக்கும் கண்ணாக வளர்ந்த அப்பொருளே, இன்று ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டியின் குறுகிய செங்கீழ் அலைகளுக்குரிய கருவிகளிற் கண்ணாக விளங்குகின்றது. கொல்வதற்கென மக்களின் பணத்தாற் செய்யப்பட்ட கண்ணைக் கொண்டு மனிதர் அண்டத்தின் குழந்தைப்பருவத்தைக் கண்டனர். இதனால் போர் அறிவை வளர்க்கும் என்று முடிவுகட்டுதல் பேதைமை. அதே உழைப்பும் பணமும் முதலிலேயே அறிவின்பாற் செலவிடப்பட்டிருப்பின், இக்கண் எமக்கு முன்னரே வாய்த்திருக்கும் என்பதே பொருந்தும்.

நிற்க. 2000ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலிருந்து நடைபெற்ற ஸ்லோன் வானளவைத் திட்டம், மிகச் சிவந்த வடிகட்டியில் மட்டும் தென்படும் புள்ளிகளைத் தேடிப் பிடித்தது. சியாஓஹுய் பான் முதலியோர் இவ்வழியில் அண்டத்தின் முதல் நூறு கோடி ஆண்டுக்குள் ஒளிர்ந்த குவாசார்களைக் கண்டனர். கண்டது போதாது, நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு வழி இதுவாகும். கருந்துளையைச் சுற்றி வாயு செக்கனுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. எம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி ஒருபுறமும், அகலும் வாயுவின் ஒளி மறுபுறமும் நகர்வதால், நிறமாலைக் கோடு அகன்று தோன்றும்; அகலத்தை அளப்பின் வேகம் தெரியும். வாயு எவ்வளவு தொலைவிற் சுற்றுகின்றது என்பதைக் குவாசாரின் பிரகாசத்திலிருந்து மதிப்பிடலாம். இவ்வுறவு அருகிலுள்ள குவாசார்களில் ஒளி மாறும் காலத்தாமதங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து பெறப்பட்டது. வேகமும் தொலைவும் தெரிந்தால் நடுவிலுள்ள திணிவு தெரியும். இதற்கு ஏற்ற கோடுகளில் ஒன்று மகனீசியத்தினது. அது 0.28 மைக்கிரோனிற் பிறந்து, இரண்டு மைக்கிரோனளவில், அதாவது செங்கீழ்க் கதிராக, எம்மை வந்தடைகின்றது. 2003இல் கிறிஸ் வில்லொற் முதலியோர், ஹவாயித் தீவின் மௌனா கேயா மலையிலிருந்த 3.8 மீற்றர் செங்கீழ்த் தொலைகாட்டியால் இக்கோட்டை அளந்து, அண்டம் தோன்றி 90 கோடி ஆண்டளவில் இருந்த ஒரு கருந்துளைக்கு 300 கோடி சூரியத் திணிவு உண்டு என அறிவித்தனர். இம்மதிப்பு இரண்டு மூன்று மடங்கு பிறழக்கூடும் என்பது உண்மையே. ஆனால் ஆயிரம் மடங்கு பிறழாது.

அதன்பின் சான்றுகள் தொடர்ந்தன. 2011இல் டானியல் மோட்லொக் முதலியோர், அதே தொலைகாட்டியின் செங்கீழ் வானளவையிலிருந்து, 1120+0641 என்னும் இலக்கமுடைய குவாசாரைக் கண்டனர். அண்டத்தின் வயது 77 கோடி ஆண்டாயிருந்தபோது, அதன் கருந்துளை ஏறத்தாழ 200 கோடி சூரியத் திணிவு கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் எடுவார்டோ பஞாடோஸ் முதலியோர் 69 கோடி ஆண்டில் 80 கோடி சூரியத் திணிவையும், 2020இல் ஜின்யி யாங் முதலியோர் 70 கோடி ஆண்டில் 150 கோடியையும், 2021இல் பெய்கே வாங் முதலியோர் 67 கோடி ஆண்டில் 160 கோடியையும் கண்டறிந்தனர். காலம் குறுகக் குறுகத் திணிவும் குறையும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர்.

இதில் என்ன வியப்பு என வாசகர் வினவலாம். அதனை ஒரு கடன்காரன் கணக்கைக்கொண்டு விளக்கலாம். கருந்துளையின் வளர்ச்சி வட்டிக்கு வட்டி ஏறுவதை ஒத்தது. பெரிதாகப் பெரிதாக அது கூடுதலாக உண்ணும்; ஆனால் எடிங்டன் எல்லையே அதற்குரிய உச்ச வட்டிவீதம். விழும் பொருளிற் பத்திலொரு பங்கு ஆற்றலாக வெளியேறுகின்றது எனக் கொண்டால், அவ்வுச்ச வீதத்தில் அதன் திணிவு இருமடங்காக ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டு செல்லும். முதல் விண்மீன்கள் இறந்து எஞ்சிய கருந்துளை நூறு சூரியத் திணிவு உடையது என வைப்போம். அது நூறு கோடியாவதற்கு இருபத்துமூன்று தடவைக்கு மேல் இரட்டித்தல் வேண்டும். அதற்கு 80 கோடி ஆண்டுக்கு மேலாகும். ஆனால் அண்டத்தின் வயதோ 70 கோடி. அதிலும் முதல் விண்மீன்கள் தோன்றவே பத்து இருபது கோடி ஆண்டு சென்றிருக்கும். ஒருநாளேனும் ஓயாது உண்டாலும் கணக்கு ஒவ்வவில்லை. இளமையிலேயே பெருஞ்செல்வம் படைத்த ஒருவனைக் காணின் நாம் கேட்பது இரண்டு: முதல் பெரிதா, வட்டி பெரிதா? தமிழில் 'முதல்' என்பது தொடக்கத்தையும் மூலதனத்தையும் குறிக்கும். வானியலாளரின் வினாவும் அதுவே.

முதல் பெரிது என்போர், ஆதிக்காலத்து வாயுமேகம் சிறு விண்மீன்களாகச் சிதறாது, நேரே ஒடுங்கிப் பதினாயிரம் முதல் இலட்சம் சூரியத் திணிவுள்ள கருந்துளையாயிருக்கலாம் என்பர். இலட்சத்திலிருந்து தொடங்கினால் 47 கோடி ஆண்டளவு போதும். வட்டி பெரிது என்போர், எடிங்டன் எல்லை நாற்புறமும் சமமாக வாயு விழும் நிலைக்கே உரியது. தட்டுப்போலச் சுழன்று விழும் வாயு அடர்ந்ததாயின் எல்லையைச் சிலகாலம் மீறலாம் என்பர். அளவே பொய்யோ என ஐயுற்றோரும் உளர். 2017இல் அன்னா-கிறிஸ்ற்றினா ஐலெர்ஸ் முதலியோர் வேறொரு முடிச்சையும் இட்டனர். குவாசாரின் ஒளி தன்னைச் சுற்றியுள்ள ஐதரசனை எவ்வளவு தூரம் துடைத்துள்ளது என்பதைக் கொண்டு, சில குவாசார்கள் ஒளிரத் தொடங்கி ஓரிலட்சம் ஆண்டுகூட ஆகவில்லை என அவர்கள் காட்டினர். உண்ட காலம் அவ்வளவே எனின், அத்துணைத் திணிவு எங்கிருந்து வந்தது?

2021 டிசம்பர் 25ஆந் தேதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி இவ்வாதத்துக்குப் புதிய காட்சியைத் தந்துள்ளது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், வெயில்மறைப்பின் நிழலிற் குளிர்ந்து நிற்கும் அதன் 6.5 மீற்றர் ஆடி பொன்பூச்சு உடையது. தொலைகாட்டியே சூடாயிருப்பின் அதன் செங்கீழ்க் கதிரே விண்மீனொளியை மூழ்கடித்துவிடும், ஆதலாலேயே இக்குளிர். 2023 ஜனவரியில் அது 1120+0641 குவாசாரை நீண்ட செங்கீழ் அலைகளில் நோக்கிற்று. சறா பொஸ்மன் முதலியோர் 2024இல் வெளியிட்ட முடிபின்படி, அதன் வாயுவும் தூசும் அருகிலுள்ள முதிர்ந்த குவாசார்களினவற்றையே பெரும்பாலும் ஒத்திருந்தன, திணிவும் உறுதிப்பட்டது. இக்குவாசாரைப் பொறுத்தவரை, அளவு பொய் என்ற ஐயம் வலுவிழந்தது. 2023இல் மற்றொரு சான்று கிட்டிற்று. அண்டத்தின் 47 கோடி ஆண்டு வயதில் இருந்த ஒரு திரளை வெப் கண்டது. அதன் மையத்தில் எக்ஸ் கதிரை வேறொரு விண்தொலைகாட்டி கண்டது. அக்கருந்துளையின் திணிவு தன்னைச் சூழ்ந்த விண்மீன்கள் அனைத்தின் திணிவையும் நெருங்குவதாக மதிப்பிடப்பட்டது. அருகிலுள்ள திரள்களில் அஃது ஆயிரத்திலொரு பங்களவே. பெரிய முதல் என்னும் கட்சிக்கு இது துணை. அந்த எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியின் பெயர் சந்திரா. 1935இல் நகைக்கப்பட்ட இளைஞரின் பெயர் அது. ஆனால் 2024இல் றொபேட்டோ மயோலினோ முதலியோர், 43 கோடி ஆண்டு வயதில் ஏறத்தாழ 16 இலட்சம் சூரியத் திணிவுடைய ஒரு கருந்துளை, எடிங்டன் எல்லையைப்போல ஐந்து மடங்கு விரைவில் உண்பதாகக் கூறினர். இது வட்டி பெரிது என்னும் கட்சிக்குத் துணை. வெப் கண்ட எண்ணற்ற சிறு செம்புள்ளிகளின் இயல்பு பற்றியும் விவாதம் நிகழ்கின்றது. தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத பக்கமொன்றும் உண்டு. நாம் குறித்த காட்சிகள் சிலவற்றுக்கு இடந்தந்த மௌனா கேயா, ஹவாயித் தீவின் ஆதிமக்களுக்குப் புனித மலை. அங்கே மேலும் ஒரு பெருந்தொலைகாட்டி அமைப்பதை எதிர்த்து அவர்கள் பாதையில் அமர்ந்தனர். 2019 ஜூலையில் அவர்களின் முதியோர் கைதுசெய்யப்பட்டனர். அவர்கள் அறிவை எதிர்த்தனர் எனக் கூறுதல் நேர்மையன்று. தம்மைக் கேளாது தமது மண்ணை ஆள்வதையே எதிர்த்தனர். 2020இற் கண்ட குவாசாருக்குப் போனியுவாஎனா என்னும் ஹவாயிப் பெயர் சூட்டப்பட்டது. அம்மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகளின் ஆசிரியர்கள் கூடி அப்பெயரை ஆக்கினர். ஒளி சூழச் சுழலும் காணா மூலம் என்பது அதன் கருத்து. தாய்மொழியிற் கற்பிக்கும் எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அம்மொழியை ஆண்டவர் பள்ளிகளிலிருந்து அகற்றியிருந்த காலமும் உண்டு. அதன் ஆசிரியர்கள், 'இஃது எம்முன்னோர் அறிந்தது' என்று கூறவில்லை. புதிதாய்க் கண்டதற்குத் தமது மொழியிற் புதிய பெயரிட்டனர். மொழிப்பற்றுக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி இல்லை.

தொடங்கிய இடத்துக்கு மீள்வோம். எண்ணும் கணக்கும் கொண்டு எழுதிய மிச்செலுக்கே 'கண்டுபிடித்தார்' என்ற பெயரை உலகு வழங்கவில்லை. அவருக்கும் அதனால் இழுக்கில்லை. கருதலின் பெருமை அவருக்கு உரியது. அவ்வாறிருக்க, ஒரு பாடலடியின் நிழலைக் காட்டி, ஹேர்ஷெலின் வெப்பமானியையும், ஹார்வர்டின் தகடுகளையும், மலையுச்சியிற் குளிரில் விழித்திருந்தோரின் இரவுகளையும் எமதென எழுதிக்கொள்ள எமக்கு என்ன உரிமை உண்டு? எமது முன்னோர் விட்டுச்சென்ற உண்மையான முதல், அளவையின்றி எதனையும் ஏற்காதே என்ற அறிவுரையே. அம்முதலை வைத்துப் பெருமை பேசுவதா, அதனை வளர்ப்பதா என்பது எம்மைப் பொறுத்தது. வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து, 'அதனை எப்படி அளந்தார்கள்?' எனக் கேட்பாளாயின், அம்முதல் வளரத் தொடங்கிவிட்டது என நாம் மகிழலாம். அவ்வினாவை அடக்காதிருப்பதே ஆசிரியராகிய எமது முதற்கடமை.